சட்டப்படி நடந்த சோதனை

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து, ஜனம் கலைந்து, ஆலங்குட்டையில் அடுப்புகள்கூட அணைந்துவிட்டன. சந்தியாகப்பன் மட்டும் வீடு திரும்பவில்லை. ஒரு சிற்றாலயத்தைப் பூட்ட இந்தக் கோயில்பிள்ளைக்கு இவ்வளவு நேரமா என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மனைவி சாந்தாமேரி தேடிப் போனாள். பீடத்துக்குப் பின்னால், பூசைச் சாமான்கள் வைக்கும் அறையில் அவர் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பீடத்தின் மேல் நிற்கும் ஆறு பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளில் ஒன்றைக் காணவில்லை.

ஆலங்குட்டை ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறும் சாலையோரத்து ஊர். எஸ்.ஐ. பாலமுருகன் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. குற்றவாளியைக் கண்டுபிடிக்கவும் அதிக நேரம் ஆகவில்லை. மறுநாளே மலைமேல் நெல்லிப்பட்டில் அர்ச்சுனனைப் பிடித்துவிட்டான். சிற்றாலயத்தின் புளியமரங்களைப் பல வருஷமாகக் குத்தகைக்கு எடுத்தவன் அர்ச்சுனன். இந்த வருஷம் சந்தியாகப்பன் அதை வேறு ஆளுக்கு விட்டார். "உன்ன சும்மா வுட மாட்டேன்" என்று அர்ச்சுனன் சந்தையில் வைத்துக் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. அது போதாதா?

வியாழக்கிழமை எல்லாம் முடிந்தது. அர்ச்சுனன் ஒப்புக்கொண்டான். வெள்ளி இரவே தண்டைக் கொண்டுபோய் வீட்டுப் புளிப்பானைக்குள் புதைத்ததாகச் சொன்னான். பானைக்குள் கைவிட்டால் தண்டு வந்தது. அடித்தட்டில் இருந்த ரத்தம் சந்தியாகப்பனுடையது என்று ஆய்வகமும் சொல்லிவிட்டது. பத்திரிகையில் பாலமுருகன் படம் வந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல். அர்ச்சுனனின் மனைவி நீலாவதி நீதிமன்றத்துக்குப் போய், தன் புருஷன் வலது கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவனால் தூக்க முடியவில்லை. நடுவர் அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மேலிடத்தில் யாரோ தலையைச் சொறிந்தார்கள். வழக்கு திருப்பத்தூர் இன்ஸ்பெக்டர் ஹெப்சியிடம் வந்தது.

அவளுக்கு டிபார்ட்மென்ட்டில் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு: செக்‌ஷன் மேடம். எதைச் செய்யச் சொன்னாலும் எந்தப் பிரிவில் என்று கேட்பாள். அவளோடு ரெய்டு போவது பல்வலியோடு கல்யாணத்துக்குப் போவது மாதிரி என்பார்கள். டி.எஸ்.பி. அவளைக் கூப்பிட்டு, புதிதாக எதையும் கிளற வேண்டாம், படித்துப் பார்த்துக் குற்றப்பத்திரிகை போட்டால் போதும் என்றார். போட்டுவிட்டால் அர்ச்சுனன் ஆயுளுக்கும் உள்ளேதான். ஹெப்சி தலையாட்டிவிட்டு வந்தாள்.

*

திங்கள் காலை. அடிவாரக் காவல் நிலையத்தில் பாலமுருகன் அவளுக்குச் சோதனை வீடியோவைப் போட்டுக் காட்டினான். புதுச் சட்டப்படி சோதனையை முதலிலிருந்து கடைசிவரை படம் பிடிக்க வேண்டும். பிடித்திருந்தார்கள். கான்ஸ்டபிள் சதீஸ்குமாரின் செல்போன், கொஞ்சம்கூட ஆடவில்லை.

கதவில் போலீஸ் பூட்டு, அதன் மேல் அரக்கு வைத்த துணி. பாலமுருகன் அரக்கு உடையாமல் இருப்பதைக் காட்டுகிறான். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுக்கிறான். தாய்வீட்டிலிருந்து அழைத்துவரப்பட்ட நீலாவதியிடம், எங்களைச் சோதித்துப் பார்த்துக்கொள் என்று கைகளை விரிக்கிறான். அவள் பயந்து பயந்து தட்டிப் பார்க்கிறாள். ஜீப் டிரைவர் தேவராஜும் உள்ளூர்க்காரர் ஒருவரும் சாட்சிகள். அவர்களையும் தட்டிப் பார்க்கிறாள். பாலமுருகன் உள்ளே போய்க் கேமராவுக்குக் கூரையைக் காட்டி, "ஓடு ஒண்ணுகூட நகரல, பாத்துக்குங்க" என்கிறான். பின்சுவரையும் காட்டுகிறான். மூலையில் இடுப்பளவுப் பானை. உறை மாட்டிய கை முழங்கைவரை உள்ளே போகிறது. புளி அப்பிய தண்டு வெளியே வருகிறது. துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடிக்கிறான். பழைய பித்தளையின் மங்கல் பழுப்பு. அடித்தட்டின் ஓரத்தில் காய்ந்த கறை.

ஒரு குறை சொல்லுங்கள் பார்ப்போம் என்பது போல் பாலமுருகன் அவளைப் பார்த்தான். ஹெப்சிக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. பதினைந்து வருஷ சர்வீஸில் இவ்வளவு ஒழுங்கான சோதனையை அவள் பார்த்ததில்லை. அவள் செய்த சோதனைகளும் அதில் சேர்த்தி.

"வீட்டை எப்ப பூட்டினீங்க?"

"சனிக்கிழமை, அவன புடிச்ச உடனே மேடம்."

"சாவி?"

"என் பாக்கெட்ட வுட்டு நகரல. தூங்கும்போதுகூட."

"வேற சாவி?"

"கிடையாது. புதுப் பூட்டு."

"அரக்கு முத்திரை?"

"அதுவும் எங்கிட்டதான். ஸ்டேஷன்ல யார நம்பறது மேடம்?"

அவன் சிரித்தான். ஹெப்சியும் மரியாதைக்குச் சிரித்தாள்.

*

நிலையத்து வண்டிக்கு அந்த மலையேற்றம் ஆகாது. போலீஸ் மேலே போவதென்றால் தேவராஜின் ஜீப்தான். சோதனைக்குச் சாட்சி வேண்டுமென்றாலும் தேவராஜ்தான், எப்படியும் கூட வருகிற ஆள் ஆயிற்றே. அந்தப் பகுதியில் பாதி வழக்குகளில் அவன்தான் சாட்சி என்பதை ஹெப்சி வழியிலேயே தெரிந்துகொண்டாள். மற்றதையெல்லாம் அவன் கியர் மாற்றுவதில் மும்முரமாக இருப்பது போல நழுவவிட்டான்.

நெல்லிப்பட்டில் நீலாவதி பக்கத்து வீட்டுப் பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டுக்கு எதிரிலேயே அகதி மாதிரி. ஹெப்சியும் தரையில் உட்கார்ந்தாள். நீலாவதி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

சோதனை ஒன்றல்ல, இரண்டு என்றாள். சனிக்கிழமையே வந்தார்கள். வாரண்ட் இல்லை, பெண் போலீஸ் இல்லை, எதற்கு என்றும் சொல்லவில்லை. சாமை மூட்டைகளைக் கொட்டினார்கள். படுக்கையைக் கிழித்தார்கள். உண்டியலை உடைத்தார்கள்.

"புளிப்பானைய வுட்டாங்களா?"

"வுடுவாங்களா? அந்த எஸ்.ஐ.தான் கடப்பாரைய எடுத்து அடிவரைக்கும் குத்துனாரு. ஒண்ணும் இல்ல. இருந்தா டங்குன்னு கேட்டிருக்காது? அப்புறம் வெளிய தள்ளிப் பூட்டிக்கினாங்க. பூட்டு அவங்களுது, சாவி அவங்களுது. நா இன்னா பண்றது?"

"யாராவது பாத்தாங்களா?"

நீலாவதி சுற்றியிருந்த வீடுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. ஹெப்சி திரும்பியதும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கேட்டபோது யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. சனிக்கிழமை சோதனையே நடக்கவில்லை என்று தேவராஜ் சத்தியம் செய்தான்.

அந்த முதல் சோதனையை மட்டும் முறையாகச் செய்து படம் பிடித்திருந்தால், காலிப்பானை அர்ச்சுனனை அன்றே காப்பாற்றியிருக்கும். சட்டத்தை மீறிச் செய்த சோதனைக்குத் தடயம் இல்லை. தடயம் இல்லாததால் அது நடக்கவும் இல்லை. ஒரு பெண்ணின் வார்த்தை ஒரு பக்கம், ஆடாத வீடியோ மறுபக்கம். எந்த நீதிபதி எதை நம்புவார் என்று சொல்லத் தேவையில்லை.

கிளம்பும்போது ஹெப்சி சும்மா பேச்சுக்கு, பானையில் இருந்தது புதுப்புளியா பழசா என்று கேட்டாள். புதுசுதான், மாசியில் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அழுத்திவைத்தது என்றாள் நீலாவதி. அதே புளியில் பாதி இந்தப் பக்கத்து வீட்டிலும் இருக்கிறதாம்.

*

சாந்தாமேரி அழுது முடித்திருந்தாள். அழுது முடித்தவர்களிடம் பேசுவதுதான் கஷ்டம். அவள் ஹெப்சியைச் சிற்றாலயத்துக்குள் கூட்டிப்போனாள். பீடத்தின் மேல் ஐந்து தண்டுகள் நின்றன, இடது ஓரம் வெறுமையாக இருந்தது. புனிதர் சுரூபங்களைத் தவக்கால வழக்கப்படி ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள்.

தண்டுகளை ஹெப்சி உற்றுப் பார்ப்பதைக் கண்டு சாந்தாமேரிக்கு வெட்கமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குத் தேய்த்தது என்றாள். தவக்காலத்தில் பளபளப்பு கூடாது என்று தேய்ப்பதில்லை. இனி ஈஸ்டருக்குத்தான்.

"இப்படி மங்கிப்போயிருக்கே, எதை வச்சுத் தேய்ப்பீங்க?"

"வேற இன்னா, புளிதாங்க. உப்பும் புளியும் தடவிக் கொஞ்ச நேரம் வுட்டாலே தங்கமாட்டம் ஆயிடும்."

ஹெப்சி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டிலும் குத்துவிளக்கு உண்டு. சிறுவயதில் எத்தனை முறை தேய்த்திருக்கிறாள். வீடியோவை நான்கு முறை பார்த்தும் கண்ணில் படவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

பிறகு வேறொன்று கேட்டாள். இறந்துபோவதற்குச் சில நாள் முன்பு சந்தியாகப்பன் காவல் நிலையத்துக்குப் போனதாக ஊரில் ஒருவர் சொன்னார், எதற்கு? சாந்தாமேரி கதவைப் பார்த்தாள், ஊதாத் துணியைப் பார்த்தாள், கடைசியில் தன் கைகளைப் பார்த்தாள்.

போன வருஷம் சைலஸ் என்ற பையன் வீட்டில் கஞ்சா எடுத்ததாக பாலமுருகன் ஒரு வழக்குப் போட்டான். சாட்சிகள் தேவராஜும் சந்தியாகப்பனும். சந்தியாகப்பன் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடு என்றார்கள், போலீஸைப் பகைத்துக்கொள்ளாமல் போட்டுவிட்டார். சைலஸ் இன்னும் ஜெயிலில்தான் இருக்கிறான். தவக்காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"கையெழுத்துப் போட்ட கை சுடுதுடின்னாரு. கோர்ட்ல கூப்ட்டா உள்ளத சொல்லிடப் போறேன், அத எஸ்.ஐ. கிட்டயும் நேராவே சொல்லிட்டு வர்றேன், முதுகுக்குப் பின்னால பண்ணக் கூடாதுன்னு போனாரு."

கோர்ட் தேதி அந்த வெள்ளிக்கு அடுத்த வாரம் இருந்தது.

*

டி.எஸ்.பி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, பாலமுருகன் இருப்பது நம் காவலர் குடியிருப்புதானே, பூட்டை உடைத்துத் தேடிவிடு, வாரண்ட் கேட்டு அலைந்தால் அதற்குள் எல்லாவற்றையும் எரித்துவிடுவான் என்றார்.

நியாயமான பயம்தான். ஹெப்சிக்கும் அது இருந்தது. ஒரு ராத்திரி தாமதித்தால் பாலமுருகனைக் கொலையோடு சேர்க்கும் தடயம் போகலாம். ஆனால் அவசரம் என்று சொல்லிக்கொண்டு வாரண்ட் இல்லாமல் நுழைந்ததில்தானே சனிக்கிழமை நெல்லிப்பட்டில் எல்லாம் தொடங்கியது? குடியிருப்புக்கு வெளியே திருப்பத்தூரிலிருந்து வந்த இரண்டு பேரை நிறுத்தினாள். உள்ளே யாரும் போக வேண்டாம், எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். நடுவரிடம் காரணங்களை எழுதிக் கொடுத்தாள். பாலமுருகனின் கான்ஸ்டபிளை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சதீஸ்குமார் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். சோதனையன்று, ஜீப்புக்குக் கொஞ்சம் முன்னால், பூட்டு பத்திரமா என்று பார்ப்பதாகச் சொல்லி எஸ்.ஐ. பைக்கில் தனியாக மலையேறினார் என்றான். பிறகு ஒரு மூச்சு விட்டான், இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்தது போல.

வெள்ளி காலை. டி.எஸ்.பி. அறையில் பாலமுருகனை உட்காரவைத்தார்கள். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் நெல்லிப்பட்டுப் புளி. சாந்தாமேரியிடம் கேட்டு வாங்கிய தண்டு ஒன்று அதில் செவ்வாயிலிருந்து பாதிவரை புதைந்திருந்தது. ஹெப்சி அதை உருவிக் கழுவினாள். மேல்பாதி பழுப்பு. கீழ்ப்பாதி சிவந்த பொன்னாக ஜொலித்தது. நடுவில் கோடு போட்டது போல எல்லை.

"இது மூணு நாள் கிடந்தது. அர்ச்சுனன் வச்சிருந்தா உங்க தண்டு வெள்ளி ராத்திரியிலேருந்து வியாழன் வரைக்கும் உப்புப்புளியில இருந்திருக்கணும். நீங்க துடைச்சுக் காட்டினப்ப எப்படி இருந்தது?"

கம்ப்யூட்டர் திரையில் அவனுடைய வீடியோ நின்றிருந்தது. மங்கல் பழுப்பு, காய்ந்த ரத்தம்.

"ரத்தம்கூட ஊறிக் கரையல. ஒரு நாள்கூட அது அதுக்குள்ள இல்ல. சோதனைக்குக் கொஞ்சம் முன்னாலதான் யாரோ வச்சிருக்காங்க. அப்ப அர்ச்சுனன் எங்க இருந்தான்?"

"எங்க கஸ்டடில," என்றான் பாலமுருகன். உடனே சுதாரித்துக்கொண்டு, அவன் பெண்டாட்டி வைத்திருப்பாள் என்றான்.

"எந்த வழியா?"

"கூரையப் பிரிச்சு..."

"ஓடு ஒண்ணுகூட நகரலன்னு நீங்களே கேமராவுல சொல்றீங்க. பின்சுவரக் காட்டுறீங்க. அரக்கு உடையாததக் காட்டுறீங்க. உள்ள போக ஒரே வழி கதவு. ஒரே சாவி. அது உங்க பாக்கெட்ட விட்டு நகரல. முத்திரையும் உங்ககிட்ட, அரக்க உடைச்சுத் திரும்ப வைக்க வேற ஆளால முடியாது."

டி.எஸ்.பி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹெப்சி தொடர்ந்தாள். அர்ச்சுனனைத் தப்பவிடக் கூடாது என்று அந்த வீட்டுக்கு எந்த ஓட்டையும் இல்லாமல் பார்த்துக்கொண்டான் பாலமுருகன். அந்தப் பெட்டிக்குள் கடைசியில் மாட்டிக்கொண்டது அவன்தான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினான், அதுவே அவன் கழுத்துக்கு வந்தது. பாத்திரம் தேய்த்துப் பழகிய எவரும் அந்தப் பித்தளையைப் புளியில் ஒளித்திருக்க மாட்டார்கள். சாப்பிட்ட தட்டைக்கூடத் தூக்கிவைக்காமல் எழுந்து போகிற ஆளுக்குத்தான் அந்த யோசனை வரும்.

"சந்தியாகப்பன் கோர்ட்ல வாயத் திறந்தா சைலஸ் வழக்கு போகும், உங்க வேலை போகும். ஜனம் கலைஞ்சதும் போய்ப் பேசிப் பாத்தீங்க. அவர் மசியல. கைக்குக் கிடைச்சத எடுத்தீங்க. பாலமுருகன், சந்தியாகப்பனைக் கொன்னது நீங்க. இது உங்க குவார்ட்டர்ஸுக்கு வாரண்ட்."

பாலமுருகன் காகிதத்தை வாங்கினான். அவன் முகம் சாம்பல் பூத்திருந்தாலும் உதட்டில் பழைய சிரிப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"போலீஸ்காரன் வூட்டுக்கே வாரண்டா மேடம்?"

"ஏன், போலீஸ்காரன் வீடு வீடில்லையா?"

சோதனை அவன் கண் முன்னால் நடந்தது. சாட்சிகள் இருவர், இருவரில் ஒருவரும் தேவராஜ் இல்லை. குடியிருப்பில் நின்ற பைக்கின் பக்கப் பெட்டியில் சுருட்டிவைத்த சாக்கு. அதன் மடிப்பில் உதிர்ந்த மெழுகுத் துணுக்குகள், பழுப்பேறிய கறை. அது யாருடைய ரத்தம் என்று ஆய்வகம் பிறகு சொன்னது. சாக்கை வெளியே எடுத்தபோது பாலமுருகன் சுவரைப் பார்த்தபடி, அந்தாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றான். போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் சாட்சியமாகாது. ஹெப்சி அதை எழுதிக்கொள்ளவில்லை.

*

அர்ச்சுனன் ஜெயிலிலிருந்து வெளியே வந்தபோது வலது கையில் கட்டு இருந்தது. ஸ்டேஷனில் உடைந்த எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது, இனி மரம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹெப்சியே அவனையும் நீலாவதியையும் நெல்லிப்பட்டுக்கு அழைத்துப்போனாள். மலை வளைவுகளில் அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். எப்படித் தெரிந்தது, யார் செய்தது, இனி அவன் மேல் வழக்கே இல்லை என்று. அவன் கேட்டுக்கொண்டே வந்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

ஹெப்சி பூட்டைத் திறந்து கையில் எடுத்துக்கொண்டாள். உள்ளே சனிக்கிழமை கொட்டிய சாமை கேமராவில் படாதபடி மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுக்கித் தள்ளப்பட்டுக் கிடந்தது, எலி பாதியைத் தின்றிருந்தது. நீலாவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அர்ச்சுனன் வாசற்படியில் நின்றான்.

புது வழக்குக்கு அந்தப் பானை இருந்த மூலையை அளந்து வரைபடம் போட வேண்டும். சதீஸ்குமார் டேப்போடு பின்னால் வந்து நின்றான்.

"அர்ச்சுனன், உள்ள வந்து அந்த மூலைய மட்டும் பாக்கணும். அளந்துட்டுப் போயிடுவோம். வரலாமா?"

அவன் அவளைப் பார்த்தான். கேள்வி புரியவில்லை போலிருந்தது. போலீஸ் அனுமதி கேட்டு அவன் கேள்விப்பட்டதில்லை. பிறகு அவன் நல்ல கை மெதுவாக நிலைக்கதவைப் பிடித்தது.

"வேணாங்க," என்றான். "உள்ள வராதீங்க."

சதீஸ்குமார் சங்கடத்தோடு ஒரு அடி முன்னால் வைத்தான். ஹெப்சி கையை நீட்டி அவனை நிறுத்தினாள். இந்த மனிதனுக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் தைரியம் மிச்சமிருக்கிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

"சரி," என்றாள். "வாரண்டோட வர்றோம்."

அவன் தலையாட்டினான். கதவு மூடியது. உள்ளே ஒற்றைக் கையால் தாழ்ப்பாளோடு போராடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அது விழுந்தது. ஹெப்சி ஜீப்புக்கு நடந்தாள்.